சேவை நிறுவனத்தின் மோசமான வழித்தடத்தை விபிஎன் மூலம் தாண்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேக சோதனை முழு வேகத்தைக் காட்டுகிறது. ஆனால் அலுவலக சர்வரிலிருந்து ஒரு கோப்பு இறங்குவதற்குள் பொறுமை போய்விடுகிறது. காணொலி அழைப்பில் எதிர்முனைக் குரல் துண்டு துண்டாக வருகிறது. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் வேக சோதனையை ஓட்டச் சொல்கிறார்கள், எண்ணைப் பார்க்கிறார்கள், புகாரை மூடிவிடுகிறார்கள். அந்த எண் பொய்யல்ல. அதை அளக்கும் சர்வர் பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயோ அதன் வாசலிலோ இருக்கிறது. பழுது வாசலுக்கு அப்பால் இருந்தால் வேக சோதனையில் அது தெரியாது.

விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்தைக் குறியாக்கி, இடையிலுள்ள வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் முறை. இத்தகைய பழுதுக்கு அது சில நேரங்களில் நல்ல தீர்வு. சில நேரங்களில் நிலைமையை இன்னும் கெடுக்கும். எது நடக்கும் என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே அளந்து தெரிந்துகொள்ள முடியும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த அளவீட்டைப் பற்றியது. நிறுவுவது எளிது, எங்கே நிறுவுவது என்று முடிவு செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாக்கெட்டுகள் ஏன் சுற்றிப் போகின்றன

இணையத்தில் தரவு பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகப் போகிறது. இணையம் பல்லாயிரம் தனித்தனி வலையமைப்புகளின் இணைப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை பிஜிபி என்ற நெறிமுறை தீர்மானிக்கிறது. பிஜிபிக்குத் தாமதம் என்றால் என்னவென்று தெரியாது, நெரிசலும் தெரியாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ரவுட்டரில் எழுதி வைத்த முன்னுரிமையைத்தான் அது முதலில் பார்க்கிறது. அந்த முன்னுரிமை பெரும்பாலும் பணத்தைப் பொறுத்தது. தனக்குக் கட்டணம் தரும் வாடிக்கையாளர் வழி முதலில், இரு நிறுவனங்கள் கட்டணமின்றி நேரடியாக இணையும் பியரிங் வழி அடுத்து, தான் கட்டணம் கொடுத்து இன்னொரு நிறுவனத்தின் வலையமைப்பைக் கடக்கும் டிரான்சிட் வழி கடைசியில். இதற்குப் பிறகே, எத்தனை வலையமைப்புகளைக் கடக்க வேண்டும் என்ற கணக்கு வருகிறது.

ஆகவே பக்கத்து நகரில் இருக்கும் சர்வருக்கு உங்கள் பாக்கெட் வேறொரு கண்டத்துக்குப் போய்த் திரும்பி வருவது சாத்தியம். இரண்டு நிறுவனங்களும் உள்ளூர் இணைப்பு மையத்தில் கைகோக்க மறுத்தால், அவற்றின் போக்குவரத்து எங்கே சந்திக்கிறதோ அங்கே போய்த்தான் திரும்பும். இது முதல் வகைப் பழுது. நாள் முழுவதும் தாமதம் மாறாமல் உயர்ந்தே இருக்கும்.

இரண்டாவது வகை, இரு நிறுவனங்களுக்கு இடையிலான இணைப்பு நிரம்பி வழிவது. காலையில் எல்லாம் சரியாக இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் பாக்கெட்டுகள் தொலையும். இணைப்பை விரிவுபடுத்தும் செலவு யாருடையது என்ற தகராறில் இது மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் படங்கள் சில சேவைகளில் தடுமாறியதும், 2014 பிப்ரவரியில் நேரடி இணைப்புக்காக காம்காஸ்ட் என்ற இணைய சேவை நிறுவனத்துக்குப் பணம் தர நெட்ஃபிளிக்ஸ் ஒப்புக்கொண்டதும் இப்படிப்பட்ட ஒரு தகராறின் விளைவே. அந்த ஆண்டில் விபிஎன் இயக்கியதும் படம் தெளிவானதைப் பல வாடிக்கையாளர்கள் கண்டார்கள். வீட்டு இணைப்பு மாறவில்லை, படம் அனுப்பிய நிறுவனமும் மாறவில்லை. இடையில் இருந்த நெரிசலான கதவு மட்டும் தவிர்க்கப்பட்டது. விபிஎன் செய்யக்கூடியது இவ்வளவுதான்: உங்கள் போக்குவரத்து எந்த இடத்தில் கைமாறுகிறது என்பதை மாற்றுகிறது.

தூரத்தை அது குறைக்காது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. போய்த் திரும்புவதைக் கணக்கிட்டால் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 1 மில்லி விநாடி. 5,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்கு 50 மில்லி விநாடிக்குக் கீழே எந்த விபிஎன்னாலும் போக முடியாது. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் 70, 80 வந்தால் அதுவே நல்ல வழி. உங்களுக்கு 85 வருகிறதென்றால் வழித்தடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 220 வருகிறதென்றால் மேலே படியுங்கள்.

படி 1: வீட்டுக்குள் பழுது இல்லை என்று உறுதி செய்யுங்கள்

கணினியைக் கம்பி மூலம் ரவுட்டரில் இணையுங்கள். ரவுட்டரின் உள் முகவரிக்குப் பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்புங்கள். 1 மில்லி விநாடி அளவில், இழப்பில்லாமல் வர வேண்டும். அடுத்து, ஒரு பெரிய கோப்பு இறங்கும்போதும் ஏறும்போதும் பிங் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அப்போது தாமதம் பல நூறு மில்லி விநாடிக்கு எகிறினால் ரவுட்டரின் இடையகத்தில் பாக்கெட்டுகள் தேங்குகின்றன. அது வழித்தடப் பிரச்சினை அல்ல, விபிஎன்னால் தீராது. வைஃபை சிக்கலை விபிஎன்னால் தீர்க்க முயல்பவர்கள் ஏராளம் என்பதால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 2: வழித்தடத்தை அளவிடுங்கள்

பிரச்சினை தரும் சர்வரின் பெயரைக் கண்டுபிடித்து அதையே அளக்க வேண்டும். பொதுவான ஒரு தேடுபொறிக்குப் பிங் அனுப்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்த நிறுவனங்கள் உங்கள் நகருக்குள்ளேயே சர்வர் வைத்திருக்கக்கூடும்.

பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கருவிகளில், விண்டோஸில் டிரேஸர்ட், மேக்கிலும் லினக்ஸிலும் டிரேஸ்ரூட் ஆகியவை உடனே கிடைக்கும். ஆனால் நான் பரிந்துரைப்பது எம்டிஆர். விண்டோஸில் அதன் வடிவம் வின்எம்டிஆர். அது ஒவ்வொரு ஹாப்புக்கும், அதாவது வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டருக்கும், தொடர்ந்து பாக்கெட் அனுப்பி, இழப்பையும் தாமதத்தையும் ஒரே அட்டவணையில் காட்டுகிறது. குறைந்தது 200 பாக்கெட் ஓட விடுங்கள். அதிகாலையில் ஒரு முறை, இரவு நெரிசல் நேரத்தில் ஒரு முறை. முடிவுகளைத் தேதி, நேரத்துடன் கோப்பாகச் சேமியுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த அட்டவணையைத் தவறாகப் படிப்பவர்கள் அதிகம் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

இப்படி ஒரு முடிவு வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் ஹாப் 1 மில்லி விநாடி. நான்காவது 8. ஐந்தாவதில் 9, ஆனால் 40 விழுக்காடு இழப்பு. ஆறாவதில் 10, இழப்பு இல்லை. ஏழாவதில் திடீரென்று 145. அங்கிருந்து கடைசி வரை 145 முதல் 150 வரை, இழப்பு 2 விழுக்காடு.

ஐந்தாவது ஹாப்பின் 40 விழுக்காட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். ரவுட்டர்கள் கடந்து செல்லும் பாக்கெட்டுகளை வன்பொருளிலேயே அனுப்பிவிடுகின்றன. தமக்கு வரும் சோதனைக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை வேண்டுமென்றே மட்டுப்படுத்துகின்றன. ஆறாவது ஹாப்புக்கு இழப்பின்றிப் பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால் ஐந்தாவதில் உண்மையான இழப்பு இல்லை. ஒரு ஹாப்பில் தொடங்கிக் கடைசி வரை நீடிக்கும் இழப்பு மட்டுமே கணக்கில் சேரும். தாமதத்துக்கும் இதே விதி. ஏழாவதில் உயர்ந்தது இறுதிவரை இறங்கவில்லை. ஆகவே அது மெய்யான தாவல். ஹாப்புகளின் பெயர்களில் பெரும்பாலும் நகரத்தின் சுருக்கம் ஒட்டியிருக்கும். விமான நிலையக் குறியீடு போல மூன்றெழுத்து இருந்தால் பாக்கெட் எந்த ஊருக்குப் போய்விட்டது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பொறி இருக்கிறது. எம்டிஆர் காட்டுவது போகும் வழியை. தாமதமோ போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்ந்தது. இணையத்தில் இவை இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. போகும் வழி கச்சிதமாகத் தெரிந்தும் தாமதம் அதிகமாக இருந்தால் திரும்பும் வழி சுற்றுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். எதிர்முனை சர்வர் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் அங்கிருந்தும் ஒரு எம்டிஆர் ஓட்டுங்கள். இல்லையென்றால் அந்த சர்வர் இருக்கும் தரவு மையத்தின் ‘லுக்கிங் கிளாஸ்’ பக்கத்தைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் தங்கள் ரவுட்டரிலிருந்து உங்கள் முகவரிக்கு டிரேஸ்ரூட் ஓட்டிப் பார்க்க அனுமதிக்கின்றன.

இழப்பு 2 விழுக்காடுதானே என்று விட்டுவிடவும் கூடாது. 1997-இல் மேத்திஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சூத்திரத்தின்படி, கோப்புகளைக் கொண்டுவரும் டிசிபி நெறிமுறையில் ஒரு இணைப்பின் வேகம் தாமதம் கூடும் விகிதத்திலும், இழப்பின் வர்க்கமூலம் கூடும் விகிதத்திலும் குறைகிறது. 100 மில்லி விநாடித் தாமதத்தில் 0.01 விழுக்காடு இழப்பு இருந்தால் ஒரு இணைப்புக்குச் சுமார் 14 மெகாபிட் கிடைக்கும். இழப்பு 1 விழுக்காடானால் அது சுமார் 1.4 மெகாபிட். இன்றைய டிசிபி முறைகள் இதைவிடச் சற்று நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் 300 மெகாபிட் இணைப்பு வைத்திருப்பவருக்குக் கோப்பு ஏன் ஊர்ந்து வருகிறது என்பதற்கு இதுதான் விடை.

படி 3: செலவில்லாத வழிகளை முதலில் முயலுங்கள்

இணைய முகவரிகளில் ஐபிவி4 என்ற பழைய வகையும் ஐபிவி6 என்ற புதிய வகையும் உண்டு. இரண்டுக்கும் பிஜிபி வழிகள் தனித்தனி. ஒன்று சுற்றும்போது மற்றொன்று நேராகப் போகலாம். எம்டிஆரில் இரண்டையும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள். ஐபிவி6 வழி மட்டும் மோசமாக இருந்தால் அதைத் தற்காலிகமாக அணைப்பதே போதும்.

பிரச்சினை தருவது காணொலித் தளம் அல்லது பெரிய பதிவிறக்கத் தளம் என்றால் டிஎன்எஸ் சர்வரை (தளத்தின் பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் சர்வர்) மாற்றிப் பாருங்கள். இத்தகைய தளங்கள் பலவும், உங்கள் டிஎன்எஸ் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தே அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கின்றன. தொலைவிலுள்ள டிஎன்எஸ் சர்வரைப் பயன்படுத்தினால் தொலைவிலுள்ள பிரதிதான் கிடைக்கும்.

பிறகு வேறொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பை ஹாட்ஸ்பாட்டாக வைத்து அதே சர்வரை அளவிடுங்கள். அங்கேயும் அதே மந்தம் என்றால் கோளாறு எதிர்முனையில் இருக்கலாம். விபிஎன்னில் பணம் போடுவது வீண். மொபைலில் இழப்பில்லாமல் சீராக வந்தால் உங்கள் சந்தேகத்துக்கு வலுவான ஆதாரம் கிடைத்துவிட்டது.

கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வார்ப் செயலியையும் இந்த இடத்தில் முயலலாம். அது இலவசம். அருகிலுள்ள அவர்களுடைய மையத்துக்கு உங்கள் போக்குவரத்தைக் கொண்டுபோய் அங்கிருந்து வெளியே விடுகிறது. நாடு, நகரம் தேர்ந்தெடுக்க வழியில்லை. நமக்குத் தேவையானது வேறொரு கைமாற்றும் இடம் மட்டுமே என்பதால் அது குறையல்ல. பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

படி 4: விபிஎன் சர்வர் எங்கே இருக்க வேண்டும்

இந்த முடிவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எதிர்முனை சர்வருக்குப் பக்கத்தில் விபிஎன் சர்வரை எடுப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் அப்போது நீண்ட தூரத்தை உங்கள் சேவை நிறுவனமே சுமக்கிறது. எந்த டிரான்சிட் வழி உங்களைக் கெடுத்ததோ, அதே வழியில் உங்கள் டனலும் (விபிஎன் சர்வர் வரையிலான குறியாக்கப்பட்ட பாதை) போகும். நீண்ட தூர வழிதான் பழுது என்றால் உங்களுக்கு அருகில், நல்ல இணைப்புகள் உள்ள ஒரு தரவு மையத்தில் இறங்கிவிடுவதே சரி. சேவை நிறுவனத்தின் பங்கு சில மில்லி விநாடிகளோடு முடிந்து, மீதித் தூரத்தைத் தரவு மையத்தின் டிரான்சிட் சுமக்கும். இரு நிறுவனங்களுக்கு இடையிலான ஒற்றை இணைப்பு மட்டும் நிரம்பியிருந்தால் எந்த மூன்றாவது வலையமைப்பும் உதவும். அப்போதும் அருகில் இருப்பதே நல்லது.

கணக்கு எளிமையானது. உங்களிடமிருந்து விபிஎன் சர்வருக்கு ஆகும் தாமதம், அங்கிருந்து எதிர்முனைக்கு ஆகும் தாமதம், இரண்டையும் கூட்டுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் நேர்வழி 148. அருகிலுள்ள மையத்துக்கு 12, அங்கிருந்து எதிர்முனைக்கு 38 என்றால் மொத்தம் 50. சந்தேகமே வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 130 வந்து இழப்பும் குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கூட்டுத்தொகை நேர்வழியைவிட 10 கூடுதலாக வந்து, 2 விழுக்காடு இழப்பு மறைந்துவிடுகிறது என்றால்? கோப்புப் பரிமாற்றத்துக்கும் காணொலி அழைப்புக்கும் நான் அதைத் தயங்காமல் ஏற்பேன். இழப்பு, தாமதத்தைவிட அதிகம் வதைக்கும்.

இரண்டு பகுதிகளையும் பணம் கட்டும் முன்பே அளக்கலாம். சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பலவும் ஒவ்வொரு நகருக்கும் ஒரு சோதனை முகவரியும் சோதனைக் கோப்பும் தருகின்றன. முதல் பகுதியை அங்கே அளவிடுங்கள். இரண்டாவது பகுதிக்கு அவர்களுடைய லுக்கிங் கிளாஸ். இரண்டையும் இரவு நெரிசல் நேரத்தில் செய்ய வேண்டும். காலை பத்து மணி அளவீடு எல்லோருக்கும் நல்ல சான்றிதழ் கொடுத்துவிடும். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் நிறுவனமாக இருந்தால் ஒரு மாலை மட்டும் சர்வர் எடுத்து, அதிலிருந்தே எம்டிஆர் ஓட்டிவிட்டு அழித்துவிடலாம்.

வணிக விபிஎன் சேவையா, சொந்த சர்வரா? பல நகரங்களை மாற்றி மாற்றி முயல வேண்டுமென்றால் வணிக சேவை வசதி. பணத்தைத் திரும்பத் தரும் காலத்துக்குள் சோதித்துவிடுங்கள். ஒரே ஒரு அலுவலக சர்வருக்கு நிலையான வழி வேண்டுமென்றால் சொந்த சர்வர் சிறந்தது. அதன் முகவரி உங்களுக்கு மட்டுமே உரியது, அண்டை வாடிக்கையாளர்களின் நெரிசல் குறைவு, உங்கள் போக்குவரத்து முன்பின் தெரியாத ஒரு விபிஎன் நிறுவனத்தின் கையில் போவதில்லை.

படி 5: வயர்கார்டை நிறுவுதல்

இந்த வேலைக்கு வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் போதும். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது கர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறது. சிறியது, வேகமானது, தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பாத யுடிபி நெறிமுறையில் மட்டும் இயங்குகிறது. ஓபன்விபிஎன்னைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தால் யுடிபி முறையைத் தேர்ந்தெடுங்கள். டிசிபிக்குள் டிசிபியைத் திணித்தால், இழப்பு நேரும்போது இரண்டு அடுக்குகளும் ஒரே தரவை மறுபடி அனுப்ப முயன்று ஒன்றையொன்று நெரிக்கும். இழப்பைத் தாண்டத்தானே வந்தோம்.

வாடகை சர்வரில் வயர்கார்டைத் தொகுப்பு மேலாளர் வழியாக நிறுவுங்கள். சர்வரிலும் உங்கள் கணினியிலும் தனித்தனியே ஒரு இரகசியச் சாவி, ஒரு பொதுச் சாவி உருவாக்குங்கள். பொதுச் சாவிகளை மட்டும் பரிமாறுங்கள். இரகசியச் சாவி அது பிறந்த கணினியை விட்டு வெளியேறவே கூடாது. சர்வருக்கு 10.8.0.1, உங்களுக்கு 10.8.0.2 என்பதுபோல டனல் முகவரி கொடுங்கள். சர்வரில் ஐபி ஃபார்வர்டிங்கை (வந்த பாக்கெட்டை அடுத்த இடத்துக்குக் கடத்தும் வசதி) இயக்கி, டனலிலிருந்து வரும் பாக்கெட்டுகளுக்கு முகவரி மாற்றம் செய்யும் விதியை ஃபயர்வாலில் சேருங்கள். வழக்கமான யுடிபி போர்ட் 51820. அதை சர்வரின் ஃபயர்வாலில் மட்டுமல்லாமல், வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலும் திறக்க வேண்டியிருக்கலாம். வீட்டு ரவுட்டர் இணைப்பை மறந்துவிடாமலிருக்க, உங்கள் பக்க அமைப்பில் 25 விநாடிக்கு ஒரு முறை உயிர்க்குறி அனுப்பச் சொல்லுங்கள்.

அமைப்புக் கோப்பில் ‘அலவுட் ஐபிஸ்’ என்ற வரிதான் உங்கள் நோக்கத்தைத் தீர்மானிக்கிறது. அங்கே 0.0.0.0/0 என்று எழுதினால் ஐபிவி4 போக்குவரத்து முழுவதும் டனலுக்குள் போகும். அது தேவையில்லை. பழுதான வழி ஒன்றிரண்டு சர்வர்களுக்குத்தான் என்றால் அவற்றின் முகவரித் தொகுதியை மட்டும், 203.0.113.0/24 என்பதுபோல எழுதுங்கள். மற்றவை நேர்வழியிலேயே போகட்டும். வங்கித் தளம் அந்நிய முகவரியைப் பார்த்து மிரளாது, காணொலித் தளம் உங்களைத் தரவு மையம் என்று சந்தேகித்து மறுக்காது, வாடகை சர்வரின் மாதாந்தரத் தரவு அளவும் கரையாது. முகவரிகளை அடிக்கடி மாற்றும் பெரிய தளங்களுக்கு இந்த முறை கைகொடுக்காது. அப்போது செயலி வாரியாகப் பிரித்து அனுப்பும் வசதியுள்ள மென்பொருளைத் தேடுங்கள்.

முழுப் போக்குவரத்தையும் அனுப்புவதாக முடிவு செய்தால் இரண்டு விஷயங்கள். ஐபிவி6 முகவரிகள் முழுவதையும் குறிக்கும் ::/0 என்பதையும் சேர்த்து, சர்வரிலும் ஐபிவி6-ஐ அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஐபிவி6 போக்குவரத்து பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கும், விபிஎன் பயனற்றது என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். டிஎன்எஸ் கேள்விகளையும் டனல் வழியாகவே அனுப்புங்கள்.

படி 6: பாக்கெட் அளவைச் சரிசெய்தல்

சிறிய பக்கங்கள் திறக்கின்றன, பெரிய பக்கங்கள் பாதியில் தொங்குகின்றன, பிங் மட்டும் அழகாக வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கோளாறு என்று உறுதியாகச் சொல்லலாம். வயர்கார்டு தன் உறைக்காக ஐபிவி4 வழியில் 60 பைட், ஐபிவி6 வழியில் 80 பைட் எடுத்துக்கொள்கிறது. வழக்கமான 1500-இலிருந்து 80-ஐக் கழித்தால் 1420. அதுவே பெரும்பாலான அமைப்புகளின் இயல்பு மதிப்பு. உங்கள் இணைப்பு பிபிபிஓஇ வகை (ரவுட்டரில் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) என்றால் தொடக்கமே 1492, ஆகவே 1412 என்று அமையுங்கள். அப்போதும் தொங்கினால் 1280 வரை படிப்படியாக இறக்கிப் பாருங்கள். சர்வரின் ஃபயர்வாலில் டிசிபியின் எம்எஸ்எஸ் மதிப்பை (ஒரு பாக்கெட்டில் அடங்கும் தரவின் அதிகபட்ச அளவு) வழியின் அளவுக்கு ஏற்பக் குறைக்கும் விதியையும் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் திரும்ப வராது.

படி 7: உண்மையிலேயே பயன் இருக்கிறதா

டனலை இயக்கிப் பத்து நிமிடம், அணைத்துப் பத்து நிமிடம் என்று மாற்றி மாற்றி, நெரிசல் நேரத்தில் அளவிடுங்கள். ஒரு முறை நன்றாக வந்ததை நம்ப வேண்டாம். சராசரிப் பிங்கோடு நிற்காமல் இழப்பு, பிங்கின் ஏற்ற இறக்கம், ஒற்றை இணைப்பில் ஒரு பெரிய கோப்பு இறங்கும் வேகம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவியைக் கொண்டு உங்கள் கணினிக்கும் வாடகை சர்வருக்கும் இடையிலான வேகத்தைத் தனியே அளந்தால், எந்தப் பகுதி குறுகலானது என்பது தெரியும். டனலை ரவுட்டரில் அமைத்திருந்தால் அதன் செயலி குறியாக்கச் சுமையைத் தாங்குகிறதா என்றும் பாருங்கள். மலிவான ரவுட்டர்கள் இந்த இடத்தில்தான் திணறுகின்றன.

சேவை நிறுவனம் வழியைக் கெடுக்காமல், குறிப்பிட்ட வகைப் போக்குவரத்தை மட்டும் வேண்டுமென்றே மட்டுப்படுத்துவதும் உண்டு. அப்போது எம்டிஆர் இரண்டு நேரங்களிலும் சுத்தமாக இருக்கும், பதிவிறக்கம் மட்டும் ஒரே அளவில் முட்டி நிற்கும். டனலுக்குள் போனதும் அந்த உச்சவரம்பு மறைந்தால் காரணம் அதுவே.

மறந்துவிடக் கூடாதவை

விபிஎன் பயன்பாட்டைச் சில நாடுகள் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். அலுவலக சர்வரைத் தொடுவதென்றால் அலுவலகத்தின் தகவல் பாதுகாப்புக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாடகை சர்வரைப் பாதுகாப்பதும் இனி உங்கள் பொறுப்பு: கடவுச்சொல் நுழைவை அணைத்துச் சாவி நுழைவை மட்டும் அனுமதியுங்கள், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக நிறுவப்படட்டும்.

புகாரைக் கைவிடாதீர்கள்

விபிஎன் வேலை செய்த பிறகு புகாரை மறந்துவிடுவது இயல்பு. ஆனால் இப்போதுதான் உங்கள் கையில் மறுக்க முடியாத ஆதாரம் இருக்கிறது. ஒரே வீட்டு இணைப்பு, ஒரே நேரம், ஒரே எதிர்முனை. நேர்வழியில் 148 மில்லி விநாடியும் 2 விழுக்காடு இழப்பும், டனல் வழியில் 50 மில்லி விநாடியும் இழப்பின்மையும். இரண்டு எம்டிஆர் அட்டவணைகளையும், முடிந்தால் எதிர்முனையிலிருந்து எடுத்ததையும், தேதி நேரத்துடன் எழுத்தில் அனுப்புங்கள். தாவல் எந்த ஹாப்பில் தொடங்குகிறது என்று சுட்டிக்காட்டி, வலையமைப்பு இயக்கப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். தொலைபேசியில் வேக சோதனை கேட்பவரால் இதைத் தீர்க்க முடியாது. பிஜிபி முன்னுரிமையை மாற்றக்கூடிய பொறியாளரின் மேசைக்கு அது போய்ச் சேர வேண்டும். எதிர்முனை நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தம் பக்கத்திலிருந்து வேறு வழியில் அனுப்ப அவர்களாலும் முடியும். திரும்பும் வழிதான் பழுது என்றால் அவர்களால் மட்டுமே எளிதில் முடியும்.

வழித்தடங்கள் அறிவிப்பின்றி மாறுகின்றன. மாதம் ஒரு முறை இரவு நேரத்தில் டனலை அணைத்து நேர்வழியை அளந்து பாருங்கள். அது சரியாகிவிட்டிருந்தால் அந்த முகவரித் தொகுதியை அமைப்பிலிருந்து நீக்கிவிட்டு, வாடகை சர்வரையும் நிறுத்திவிடலாம்.